“எனக்கு ஒண்ணும் இல்லை தம்பி, கஸ்டமர்தான் விரும்பமாட்டாங்க”

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் இரட்டைக் குவளை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் இடையில் புகுந்து கேட்டார்: “டீக்கடை சரி அண்ணே. ஆனா பார்ல சாதி இல்லையே? எல்லாருக்கும் ஒரே பிளாஸ்டிக் கிளாஸ்தானே, ஒரே மேசைதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி குடைய ஆரம்பித்தது. பிளாஸ்டிக் கிளாஸ் வந்ததால் சாதி போனதா, கழுவி வைக்க வேண்டிய கிளாஸ் போனதா? குடித்ததும் தூக்கி எறிகிற பொருளுக்குத் தீட்டு ஒட்டாது. இரட்டைக் குவளைப் பிரச்சினை வெடித்த பல ஊர்களில் டீக்கடைக்காரர்கள் கண்டுபிடித்த சமாதானமும் இதுதான்: எல்லோருக்கும் யூஸ் அண்ட் த்ரோ கப். சண்டையும் இல்லை, சமத்துவமும் இல்லை.

உண்மை அறியும் குழுக்களோடு கிராமங்களுக்குப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். “ஏன் தனிக் குவளை வைத்திருக்கிறீர்கள்?” என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும், “எனக்குச் சாதி வெறி உண்டு” என்று யாரும் சொல்லமாட்டார். “எனக்கு என்ன சார், நான் யாவாரி. ஊர்க்காரங்க ஒத்துக்கமாட்டாங்க. அவங்க வரலைன்னா கடையை மூட வேண்டியதுதான்” என்பார். ஒடுக்குமுறை எப்போதும் அங்கே இல்லாத ஓர் ஆளின் பெயரில்தான் நடக்கிறது. அந்த ஆளுக்குப் பெயர் கஸ்டமர்.

இந்த வாக்கியம் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. இதற்கு ஒரு நீண்ட வரலாறு இங்கிலாந்தின் மதுக்கடைகளில் இருக்கிறது. தம்பி பாரைப் பற்றிக் கேட்டதால் அந்தக் கதையைச் சொல்கிறேன். குடியை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. இந்தக் கதையின் முக்கியமான ஓர் ஆள் குடிக்காதவர். அவரிடம் பிறகு வருவோம்.

முதலில் அந்த ஊர் ‘பப்’ என்ன மாதிரி இடம் என்று தெரிய வேண்டும். நம் ஊர் பார் போல அவசரமாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியேறுகிற இடமல்ல அது. தெருவுக்குத் தெரு இருக்கும். வேலை முடிந்து வருபவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கூடுகிற இடம். டீக்கடை, ஆலமரத்தடி, கட்சி ஆபீஸ் மூன்றையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் பப்பை ‘லோக்கல்’ என்றே சொல்வார்கள். அங்கே உங்களுக்கு இடம் இல்லை என்றால் அந்தத் தெருவில் உங்களுக்கு இடம் இல்லை என்று பொருள்.

அந்தப் பப்புக்குள்ளேயே அறைகள் பிரிந்திருந்தன. உழைப்பாளிகளுக்கு ‘பப்ளிக் பார்’, வெறும் தரை, மரப் பெஞ்சு. கொஞ்சம் வசதியானவர்களுக்கு ‘சலூன்’, ‘லவுஞ்ச்’, ‘ஸ்மோக் ரூம்’ என்று கம்பளம் விரித்த அறைகள். அதே பீர்தான், அங்கே கொஞ்சம் கூடுதல் விலை. வர்க்கம் பார்த்துக் கட்டிய சுவர் ஏற்கெனவே நின்றது. பிறகு வந்த நிறவெறிக்குப் புதுச் சுவர் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘பார்’ என்ற சொல்லுக்கு மதுக்கடை என்றும் பொருள், தடை என்றும் பொருள். நிறத்தின் பேரால் போடும் தடைக்கு ‘கலர் பார்’ என்று பெயர்.

கதை 1943இல் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கப் படைகள் இங்கிலாந்தில் குவிந்திருந்த நேரம். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினப் படைவீரர்களுக்குத் தனிப் பிரிவு, தனிச் சாப்பாட்டுக் கூடம். பெரும்பாலும் லாரி ஓட்டுவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகள்தான். மேலே அதிகாரிகள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போருக்கு வந்த ராணுவம், தன் இனவெறியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது? வழக்கமான அரசுத் தந்திரம்தான். 1942 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் போலீஸுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: பாகுபாட்டை அமல்படுத்த நீங்கள் உதவ வேண்டாம். அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே பிரித்து வைத்துக்கொண்டால் அதில் தலையிடவும் இல்லை.

லங்காஷயரில் பிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் பேம்பர் பிரிட்ஜ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1511ஆம் எண் லாரிப் படைப்பிரிவு தங்கியிருந்தது. அதில் வீரர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஊர் மக்களுக்கு அவர்களைப் பிடித்துப்போனது. மரியாதையாகப் பேசுகிறார்கள், அலட்டிக்கொள்வதில்லை. மாலையில் பப்புக்கு வந்து ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பீர் குடித்தார்கள். இது அமெரிக்க அதிகாரிகள் கண்ணை உறுத்தியது. பப்புகளில் நிறத்தடை போடுங்கள் என்று கேட்டார்கள்.

ஊரில் மூன்று பப்புகள். மூன்றிலும் பலகை தொங்கியது. அதில் எழுதியிருந்தது: “கறுப்பினப் படையினருக்கு மட்டும்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், தோழர்களே. தடை போடச் சொன்னது அதிகாரம். தடையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது கடைக்காரரும் அவருடைய வாடிக்கையாளர்களும். கஸ்டமர் விரும்பமாட்டார் என்ற வாதம் இந்த ஊரில் எடுபடவே இல்லை, ஏனென்றால் கஸ்டமரின் கருத்து நேர் எதிராக இருந்தது.

1943 ஜூன் 20ஆம் தேதி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இனக் கலவரம் வெடித்தது. 34 பேர் செத்தார்கள், அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். அந்தச் செய்தி கடல் கடந்து வந்துசேர்ந்தபோது படைப்பிரிவில் கொதிப்பு இருந்தது. ஜூன் 24 இரவு, ‘யீ ஓல்ட் ஹாப் இன்’ என்ற பழைய பப்பில் கறுப்பின வீரர்கள் சிலர் ஊர்க்காரர்களோடு குடித்துக்கொண்டிருந்தார்கள். கடை மூடும் நேரம். வெள்ளை ராணுவப் போலீஸார் இரண்டு பேர் வந்து, சரியான சீருடை இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை என்று ஒரு வீரரைக் கைது செய்யப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஊர்க்காரர்களும் பிரிட்டிஷ் ராணுவத்தினரும் வீரர் பக்கம் நின்று வாக்குவாதம் செய்தார்கள். போலீஸார் பின்வாங்கினார்கள், ஜீப் மீது பாட்டில் பறந்தது. கூடுதல் ஆட்களோடு திரும்பி வந்த போலீஸார் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வீரர்களைச் சாலையில் மறித்தார்கள். கைகலப்பு நடந்தது, துப்பாக்கி வெடித்தது. வில்லியம் கிராஸ்லேண்ட் என்ற வீரர் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தார்.

நள்ளிரவில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய வண்டியோடு ராணுவப் போலீஸ் முகாமுக்கு வந்தது. கொல்லத்தான் வருகிறார்கள் என்று வீரர்கள் ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள். இருட்டில் விடியும்வரை சண்டை நடந்தது. பிறகு ராணுவ நீதிமன்றம். கலகம் உள்ளிட்ட குற்றங்களுக்காக 32 கறுப்பின வீரர்களுக்குத் தண்டனை. கிராஸ்லேண்டைச் சுட்டதற்குத் தண்டனை? யாருக்கும் இல்லை. மேலிடத்தில் விசாரித்த ஜெனரலே, மோசமான வெள்ளை அதிகாரிகளும் ராணுவப் போலீஸும்தான் பெருமளவு காரணம் என்று முடிவுக்கு வந்தார். தண்டனைகள் பிறகு குறைக்கப்பட்டன. கொடியங்குளம், பரமக்குடி என்று படித்து வளர்ந்த நமக்கு இந்த வரிசை புதிதல்ல: முதலில் சுடுவார்கள், அப்புறம் சுடப்பட்ட பக்கத்தின் மீதே வழக்குப் போடுவார்கள்.

அதே கோடையில், சரியாக ஐந்து வாரம் கழித்து, லண்டனில் இன்னொரு சம்பவம். லியரி கான்ஸ்டன்டைன் என்ற மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் நட்சத்திரம், லார்ட்ஸ் மைதானத்தில் ஆட வந்திருந்தார். இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுகளுக்கு அறை பதிவு செய்திருந்தார். நிறத்தைக் குறிப்பிட்டு முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துதான் பதிவு. ஆனால் குடும்பத்தோடு போனதும், ஓர் இரவுதான் தங்கலாம், பிறகு வேறு இடம் பாருங்கள் என்றார்கள். காரணம்? ஹோட்டலில் வெள்ளை அமெரிக்கர்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்கள் ஆட்சேபிப்பார்கள். மறுபடியும் அதே கஸ்டமர்.

கான்ஸ்டன்டைன் வழக்குப் போட்டார். நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் எதுவும் அப்போது பிரிட்டனில் இல்லை. அவருடைய வழக்கறிஞர்கள் மிகப் பழைய ஒரு விதியைத் தோண்டி எடுத்தார்கள்: பயணிகள் விடுதி நடத்துபவர், நியாயமான காரணம் இல்லாமல் பயணியைத் திருப்பி அனுப்பக்கூடாது. 1944இல் நீதிபதி பர்க்கெட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நஷ்டஈடு ஐந்து கினி, அதாவது ஐந்தேகால் பவுண்டு. தொகை அற்பம், தீர்ப்பு பெரிது. ஆனால் அந்த விதிக்குள் ஓர் ஓட்டை இருந்தது. அது தங்கும் விடுதிக்குத்தான் பொருந்தும். குடிக்க மட்டும் போகிற பப்புக்குப் பொருந்தாது. பப் உரிமையாளர் யாரை வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல், வெளியே போ என்று சொல்லலாம். 1965 வரை இதுதான் நிலை.

இப்போது மேற்கு மிட்லாண்ட்ஸுக்கு வருவோம். பர்மிங்ஹாமை ஒட்டி ஸ்மெதிக் என்று ஒரு தொழில் நகரம். போருக்குப் பிறகு இரும்பு வார்ப்பாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தார்கள். உலை முன்னால் நின்று வேகிற வேலை, வெள்ளைத் தொழிலாளி தொட விரும்பாத வேலை. வார்ப்பாலைகளில் ஐரோப்பியருக்கு ஒரு கழிப்பறை, ஆசியருக்கு ஒரு கழிப்பறை. வேலை முடிந்து தாகத்தோடு வெளியே வந்தால் பப்பில் தடை. சில கடைகளில் கதவிலேயே மறுப்பு. சில கடைகளில் பப்ளிக் பாரில் நின்று குடிக்கலாம், லவுஞ்சுக்குள் காலை வைக்கக்கூடாது. காரணம் கேட்டால், நீங்கள் ஏற்கெனவே யூகித்ததுதான்: “எங்கள் வழக்கமான வாடிக்கையாளர்கள் வருத்தப்படுவார்கள்.”

பேம்பர் பிரிட்ஜ் மக்களும் ஆங்கிலேயர்தான், ஸ்மெதிக் மக்களும் ஆங்கிலேயர்தான். இருபதே வருடத்தில் கஸ்டமரின் கருத்து எப்படி இப்படி மாறியது? நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். பேம்பர் பிரிட்ஜுக்கு வந்தவர்கள் விருந்தாளிகள், போர் முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களை ஒதுக்கச் சொன்னவர்கள் வெளியூர் அதிகாரிகள், அந்த அதிகாரத்தை ஊர் வெறுத்தது. ஸ்மெதிக்குக்கு வந்தவர்கள் தங்க வந்தவர்கள். பக்கத்து வீட்டை வாடகைக்குக் கேட்டார்கள், அதே ஆலையில் வேலை கேட்டார்கள், பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்பினார்கள். போய்விடுகிறவனோடு ஒரு கிளாஸ் பகிர்வது சுலபம். பங்கு கேட்கிறவனோடு கஷ்டம். சென்னையில் ஹோட்டலில் நம்மோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற அதே ஆள், ஊர்த் திருவிழாவில் நம் தெருவுக்குள் தேர் வராது என்று சட்டம் பேசுவதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

கருத்து தானாகவும் மாறிவிடவில்லை, அதை வளர்த்தவர்கள் இருந்தார்கள். 1964 அக்டோபர் பொதுத் தேர்தலில் நாடு முழுக்கத் தொழிற்கட்சிப் பக்கம் காற்றடித்தபோது, ஸ்மெதிக்கில் மட்டும் தலைகீழ். கன்சர்வேடிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் குடியேறிகளுக்கு எதிரான பிரச்சாரத்தில் வென்றார். வெளியுறவு அமைச்சராகப் போகிறவர் என்று எதிர்பார்க்கப்பட்ட பேட்ரிக் கோர்டன் வாக்கர் தோற்றார். பிரச்சாரத்தின்போது தெருவில் உலவிய இனவெறிக் கோஷத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அந்தக் கோஷத்தைக் கண்டிக்கச் சொன்னபோது கிரிஃபித்ஸ் கண்டிக்கவில்லை, மக்கள் மனநிலையின் வெளிப்பாடு என்றார். கஸ்டமர் இப்போது வாக்காளர் ஆகிவிட்டார். தேர்தலுக்குப் பிறகு மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சி வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்கத் திட்டமிட்டது. அதற்குக் கடன் வாங்க வீட்டுவசதி அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் அனுமதி மறுத்தார்.

இந்த ஊரில்தான் அவதார் சிங் ஜூல் இருந்தார். ஜலந்தர் பக்கத்திலிருந்து 1958இல் வந்தவர், வார்ப்பாலைத் தொழிலாளி, கம்யூனிஸ்ட், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அந்தச் சங்கம் 1938இல் கவென்ட்ரியில் தொடங்கியது. ஜூலும் தோழர்களும் செய்த வேலை, இன்று களத்தில் இருக்கிற மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பப் பப்பாகப் போனார்கள். முதலில் வெள்ளை மாணவர்கள் உள்ளே போய்ப் பீர் வாங்கி உட்காருவார்கள். சிறிது நேரம் கழித்து இந்தியர்கள் போய்க் கேட்பார்கள். மறுத்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் சாட்சி. அந்தச் சாட்சியை வைத்து, கடையின் லைசென்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்று ஆட்சேபிப்பது.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, அடித்து உடைக்காமல் ஆதாரம் சேர்த்தார்கள். இரண்டாவது முக்கியமானது. வெள்ளை மாணவனும் அந்தக் கடையின் கஸ்டமர்தான். கடைக்காரர் யாருடைய பெயரைச் சொல்லி மறுத்தாரோ அந்தக் கஸ்டமர்களில் ஒருவனே எழுந்து நின்று, “நான் ஆட்சேபிக்கவில்லை. என் பெயரைச் சொல்லாதே” என்று சொன்னால் கடைக்காரர் எங்கே ஒளிவார்?

1965 பிப்ரவரி 12. சங்கத்தின் அழைப்பில் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தார். மார்ஷல் தெருவில் நடந்தார். பிறகு ஜூலும் மற்றவர்களும் அவரை ‘புளூ கேட்ஸ்’ பப்புக்கு அழைத்துப் போனார்கள். ஸ்மோக் ரூமில் உட்கார்ந்தார்கள். இங்கே கொடுக்கமாட்டோம், பக்கத்து பப்ளிக் பாருக்குப் போங்கள் என்று மறுக்கப்பட்டது. உலகம் அறிந்த தலைவர் ஒருவரை ஆங்கிலேயச் சிற்றூர் ஒன்றின் பப், அடுத்த அறைக்குப் போகச் சொன்னது. குடிக்காத ஆள் என்று முதலில் சொன்னேனே, அவர் இவர்தான். மால்கம் எக்ஸ் முஸ்லிம், மதுவைத் தொடாதவர். மகாத் குளத்துக்கு 1927 மார்ச் 20 அன்று அண்ணல் போனது தாகத்துக்காகவா? அதுபோலத்தான் இதுவும். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜூல் மட்டுமல்ல. 1963இல் பிரிஸ்டல் நகரப் பேருந்துப் புறக்கணிப்பை நடத்திய பால் ஸ்டீபன்சன், அடுத்த வருடம் அந்த ஊர் ‘பே ஹார்ஸ்’ பப்பில் வெளியே போ என்று சொன்னபோது எழுந்திருக்க மறுத்தார். போலீஸ் பிடித்துப் போனது, வழக்கு நிற்காமல் விழுந்தது. இன்னொரு பக்கம் ஃபென்னர் பிராக்வே என்ற எம்.பி. ஐம்பதுகளின் நடுவிலிருந்து வருடா வருடம் பாகுபாட்டு ஒழிப்பு மசோதாவைத் தனிநபராகக் கொண்டுவந்து தோற்றுக்கொண்டே இருந்தார். 1964 தேர்தலில் அவர் தொகுதியையும் இழந்தார்.

1965 நவம்பரில் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் நிறைவேறியது. ஹோட்டல், உணவகம், பப், திரையரங்கு, நடன அரங்கு, பொதுப் போக்குவரத்து ஆகிய இடங்களில் நிறத்தின் பேரால் மறுப்பது சட்டவிரோதம். வீடு, வேலை இரண்டையும் அது தொடவில்லை. மறுத்தால் சிறை கிடையாது, முதலில் சமரசக் குழு.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது 1955இல். பத்து வருடம் முன்னால். அதன் 4ஆம் பிரிவு கடை, உணவகம், ஹோட்டலுக்குள் நுழைய மறுப்பதோடு நிற்கவில்லை. அங்கே பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்றது. சமரசமல்ல, சிறைத் தண்டனை. குவளையைச் சட்டப் புத்தகத்துக்குள் வைத்த நாடு நம்முடையது. அதற்கு முன்பே அரசியல் சாசனத்தின் 15(2), 17ஆம் பிரிவுகள் இருந்தன. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. சாட்சி சொல்லக் கூடவே வந்து உட்காருகிற அந்த வெள்ளை மாணவன்தான் நம் டீக்கடையில் இல்லை. ஊர்த்தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் “என் பெயரைச் சொல்லித் தனிக் குவளை வைக்காதே” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்? சொன்ன ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஊரில் என்ன நடந்தது என்பதும் தெரியும்.

சட்டம் வந்ததும் பிரிட்டனில் கஸ்டமர் வேறு கதவு வழியாக வந்தார். பப்பில் மறுக்க முடியாதென்றால் ‘கிளப்’. உறுப்பினர் மட்டும் வரும் இடம், பொது இடம் அல்ல. ஈஸ்ட் ஹாமில் ஒரு கன்சர்வேடிவ் கிளப் இந்தியர் ஒருவரை நிறத்துக்காகச் சேர்க்க மறுத்தது. 1973இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் கிளப் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அடுத்தது இன்னும் கசப்பு. ஒரு தொழிலாளர் கிளப்பின் உறுப்பினரான கறுப்பினத்தவர், ஏறக்குறைய 4,000 கிளப்புகளில் செல்லக்கூடிய சங்க அட்டை வைத்திருந்தவர், வேறொரு தொழிலாளர் கிளப்புக்குப் போனார். கறுப்பினத்தவருக்கு இங்கே கொடுப்பதில்லை என்றார்கள். 1974இல் இதுவும் சட்டவிரோதம் அல்ல என்று தீர்ப்பு. அந்தக் கிளப்பின் பெயர் டாக்கர்ஸ் லேபர் கிளப், துறைமுகத் தொழிலாளர்களுடையது. இருந்த ஊர் பிரெஸ்டன். பேம்பர் பிரிட்ஜிலிருந்து சில மைல் தூரம்தான்.

“கறுப்பினப் படையினருக்கு மட்டும்” என்று பலகை தொங்கிய ஊருக்குப் பக்கத்தில், முப்பது வருடம் கழித்து, செங்கொடி பிடித்த தொழிலாளிகளின் கிளப். வர்க்கம் ஒன்றானால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நம்மிடம் சொல்லும் தோழர்களுக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுக்கலாம். 25 பேரோ அதற்கு மேலோ உறுப்பினர் உள்ள கிளப்புகளையும் 1976ஆம் ஆண்டுச் சட்டம்தான் வளையத்துக்குள் கொண்டுவந்தது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. ஸ்மெதிக்கில் ஸ்மோக் ரூமுக்காகப் போராடிய பஞ்சாபிகள் எல்லோரும் பஞ்சாபிலிருந்து எதை எடுத்து வந்தார்கள்? அவர்கள் கிராமங்களிலும் சேரி தனி, கிணறு தனி. அதே தோஆபா பகுதியிலிருந்து ஆதி தர்மத்தினரும் ரவிதாசியரும் வந்திருந்தார்கள். 1926இல் மங்கூ ராம் தொடங்கிய இயக்கத்தின் பிள்ளைகள். பர்மிங்ஹாமிலும் வுல்வர்ஹாம்ப்டனிலும் பெட்ஃபோர்டிலும் அவர்கள் தங்களுக்கென்று தனிக் கோவில்கள் கட்டிக்கொள்ள வேண்டிவந்தது. வெள்ளையன் போட்ட தடையை உடைத்தவர்களில் எத்தனையோ பேர், தாங்கள் போட்ட தடையைத் தடை என்றே எண்ணவில்லை.

அந்தத் தடைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று பிரிட்டன் தலித்துகள் பல வருடம் போராடினார்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க ஒரு வழி வைக்கப்பட்டது. 2013இல் நாடாளுமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. அரசு இழுத்தது. 2017இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது: சாதிப் பாகுபாட்டுக்குத் தனிச் சட்டம் தேவையா? 16,000க்கும் மேல் பதில்கள் வந்தன. பெரும்பான்மைப் பதில்கள் தனிச் சட்டம் வேண்டாம் என்ற பக்கம். 2018 ஜூலையில் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லி, அந்தக் கட்டாயத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. யாரிடம் கருத்துக் கேட்டார்கள், யார் அமைப்பாகத் திரண்டு பதில் அனுப்பினார்கள் என்று பார்த்தால் நம் ஊர் டீக்கடை பெஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

2022 ஜூனில் பேம்பர் பிரிட்ஜில், ஹாப் இன்னுக்கு எதிரே ஒரு சிறிய நினைவுத் தோட்டம் திறந்தார்கள். அவதார் சிங் ஜூல் அதே வருடம் அக்டோபரில் காலமானார்.

படிப்பு வட்டத்தில் கேள்வி கேட்ட தம்பி இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்த பிறகு அவர் ஊர்ப் பக்கம் சில கடைகளில் கண்ணாடி கிளாஸும் எவர்சில்வரும் திரும்ப வந்திருக்கிறதாம். எந்தக் கடையில் எத்தனை வகை, எதை யார் கழுவுகிறார்கள், யார் பெஞ்சில், யார் வெளியே திண்ணையில் என்று இரண்டு வாரம் சும்மா பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது கூட ஊர்த்தெரு நண்பன் ஒருவனையும் அழைத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

“அவன் வருவானான்னு தெரியலை அண்ணே” என்றார். கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.